60 மில்லிக்குக் குறைந்தால் சொல்ல வேண்டியதில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் என் மாமனார் காலத்திலிருந்து தைலக் கடை நடத்திவரும் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். யூகலிப்டஸ், விண்டர்கிரீன், ஜெரேனியம், எலுமிச்சைப்புல் எண்ணெய்களை முகர்ந்தும் அளந்தும் விற்றும் முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அப்படிப்பட்ட எனக்கே, கடையில் விலை கொடுத்து வாங்கிய ஒரு சென்ட் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி இல்லாமல் போனதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக என் மகள் கோவையில் ஒரு பெரிய கடையில் வெளிநாட்டு வாசனைத் திரவியம் ஒன்றை வாங்கினாள். 50 மில்லி பாட்டில், விலை ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். கழுத்தின் இருபுறமும், காதுகளுக்குப் பின்னாலும், மணிக்கட்டின் உட்புறமும் பூசிக்கொள்வாள். முதல் சில நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வாரத்தில், பூசிய இடங்களில் மட்டும், யாரோ விரலால் வரைந்துவிட்டதுபோல் தோல் சிவந்து அரித்தது. பிறகு நீர் கோத்து, காய்ந்து, கருமையாகத் தங்கிவிட்டது. தோல் மருத்துவர் அவள் முதுகில் வரிசையாகச் சிறு சிறு ஒட்டுகளைப் போட்டு, இரண்டு நாட்கள் முதுகு நனையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஒட்டுகளை எடுத்தபோது ஒருமுறையும், மேலும் இரண்டு நாள் கழித்து மறுமுறையும் பார்த்ததில் இரண்டு இடங்கள் தடித்திருந்தன. அந்த இடங்களில் ஒட்டியிருந்தவை இரண்டு வாசனைப் பொருட்கள்: ஒன்று ஜெரானியோல், மற்றொன்று ஐசோயூஜெனோல். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் இருக்கும் என்றும், இனி எதை வாங்கினாலும் இந்தப் பெயர்கள் இல்லாததாகப் பார்த்து வாங்கும்படியும் சொல்லி, இரண்டு பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஆல்கஹால், தண்ணீர், பர்ஃப்யூம் என்று மூன்றே சொற்கள். அந்த மூன்றாவது சொல்லுக்குள் இருபது பொருட்களும் இருக்கலாம், நூற்றுக்கு மேலும் இருக்கலாம். கடையில் போய்க் கேட்டதற்கு, இது அசல் வெளிநாட்டுச் சரக்கு என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. நாங்கள் கேட்டது அசலா போலியா என்பதை அல்ல.

ஏன் இப்படி என்று தேடியபோதுதான் நம் நாட்டு விதி எனக்குத் தெரிந்தது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி உட்பொருட்களின் பட்டியலை அச்சிட வேண்டும். ஆனால் 60 மில்லிக்குக் குறைந்த திரவப் பொருட்களுக்கு அந்தப் பட்டியல் கட்டாயம் இல்லை. விலை உயர்ந்த சென்ட் பாட்டில்களில் பல 30 மில்லி, 50 மில்லி என்றுதானே வருகின்றன! அதாவது பெரிய ஷாம்பு புட்டி சொல்ல வேண்டியதை, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பாட்டில் சொல்ல வேண்டியதில்லை. பட்டியல் போடுகிறவர்களும் வாசனைப் பொருட்கள் அனைத்தையும் பர்ஃப்யூம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். ஷாம்புவையாவது கழுவிவிடுகிறோம், சென்டோ நாள் முழுவதும் தோலிலேயே இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று அங்கே 2003லேயே சட்டம் திருத்தப்பட்டது. தோலில் தங்கும் பொருளாக இருந்தால், லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தாலே பெயர் வந்துவிட வேண்டும். 2023இல் அந்தப் பட்டியலை 80க்கும் மேலாக நீட்டி, புதிதாகச் சந்தைக்கு வரும் பொருட்களுக்கு 2026 ஜூலை 31 என்றும், முன்பே கடைகளில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31 என்றும் கெடு வைத்தார்கள். பெயர் போடுவதோடும் அவர்கள் நிற்கவில்லை. லில்லி மலரின் மணத்துக்காகப் பல பத்தாண்டுகள் சேர்க்கப்பட்டுவந்த லிலியால் என்ற பொருள் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டு, 2022 மார்ச் 1 முதல் அங்கே தடை செய்யப்பட்டது. என் மகளின் பாட்டிலில் அது இருந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. பெட்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

தொழில் இரகசியம் என்ற வாதத்தை நான் அறியாதவள் அல்ல. கலவை செய்பவரின் கைப்பக்குவத்துக்கு மதிப்பு உண்டு, அது களவு போகக் கூடாது என்பதும் நியாயமே. ஆனால் பெயரைச் சொல்வது வேறு, அளவைச் சொல்வது வேறு. சாம்பாரில் பெருங்காயம் இருக்கிறது என்று சொல்வதால் யாருடைய சமையலும் பறிபோய்விடாது. மேலும், போட்டி நிறுவனம் ஒன்று நினைத்தால் அந்தப் பாட்டிலில் உள்ளதை, கலவையைத் தனித்தனிப் பொருட்களாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தி, உள்ளே இருப்பவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும். ஆகவே இந்த இரகசியம் போட்டியாளரிடமிருந்து காக்கப்படுவதில்லை. அதைத் தோலில் பூசிக்கொள்பவரிடமிருந்துதான் காக்கப்படுகிறது.

இதைச் சொல்லும்போது எங்கள் மலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகள் வாங்கிச் செல்லும் தைலப் பாட்டில்களில் நூறு சதவீதம் இயற்கையானது என்று எழுதியிருக்கும். எங்கள் கடைச் சீட்டிலும் அதுதான் இருந்தது. மருத்துவர் தந்த சீட்டைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் ஜெரானியோல் என்பது ஆய்வகத்தில் மட்டும் பிறப்பதல்ல, நாங்கள் விற்கும் ஜெரேனியம் எண்ணெயிலேயே அது தாராளமாக இருக்கிறது. இயற்கை என்ற சொல் தோலுக்குத் தெரியாது. ஓக் மரங்களில் படரும் ஒரு பாசி, நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கல்பாசியின் குடும்பத்தைச் சேர்ந்தது, நூறு ஆண்டுகளாக உயர்ரக வாசனைத் திரவியங்களில் சேர்க்கப்பட்டுவருகிறது. அதிலிருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டும் கடும் ஒவ்வாமை தருபவை என்பதால் ஐரோப்பாவில் தடை செய்யப்பட்டுள்ளன. விண்டர்கிரீன் எண்ணெயைக் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும்: யூகலிப்டஸ் எண்ணெய் தண்ணீர்மேல் மிதக்கும், இது அடியில் போய்த் தங்கும், அவ்வளவு கனம். ஏறத்தாழ முழுவதுமே மெத்தில் சாலிசிலேட் என்ற வேதிப்பொருள்தான். ஒரு தேக்கரண்டி அளவு குழந்தையின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதையும் இயற்கையானது என்ற ஒரு வரியோடு மேசைமேல் வைத்து விற்றுக்கொண்டிருக்கிறோம். காய்ச்சிய தேதியை எழுதுவதும் அரிது. வாசனை எண்ணெய்கள் பலவற்றில் உள்ள லினலூலும் லிமோனீனும் காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஹைட்ரோபெராக்சைடுகள் என்ற வேறு பொருட்களாக மாறி, புதிதாக இருந்ததைவிட மிக அதிகமாகத் தோலைத் தாக்குகின்றன என்பதால், தேதி வெறும் சம்பிரதாயம் அல்ல.

எனவே மத்திய அரசு அந்த 60 மில்லி விலக்கை வாசனைத் திரவியங்களுக்கு நீக்க வேண்டும். ஒவ்வாமை தரும் பொருட்களை அவற்றின் பெயராலேயே அச்சிடச் செய்ய வேண்டும். கடைகளில் முகர்ந்து பார்க்க வைத்திருக்கும் மாதிரிப் பாட்டில்களுக்குப் பெட்டியே கிடையாது என்பதால், கேட்பவருக்குக் காட்ட ஒரு பட்டியல் கடையில் இருக்க வேண்டும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சீசன் தொடங்கும் முன் மலைக் கடைகளின் தைலங்களையும் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். எங்கள் கடையிலும் எடுக்கட்டும்.

பாட்டில் சிறியது, இத்தனை பெயர்களுக்கு இடம் ஏது என்பார்கள். சென்ற ஆண்டு முதல் எங்கள் 30 மில்லி ஜெரேனியம் எண்ணெய்ப் பாட்டிலின் சீட்டில் செடியின் பெயர், காய்ச்சிய மாதம், அதன்கீழ் ஜெரானியோல், சிட்ரோனெல்லோல், லினலூல், சிட்ரால் ஆகிய நான்கு பெயர்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்ற வரி ஆகிய எல்லாவற்றையும் தமிழில் அச்சிட்டு ஒட்டுகிறோம். அதற்குப் பிறகும் விலை போட இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தைலக் கடை நடத்தும் ஒரு வாசகி,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.