பந்தய நாளின் நண்பகல் இடைவேளையைக் கார் சங்கங்களுக்குத் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாள்களின் அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீறிப் பாயும் கார்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்தியையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கண்டனக் கடிதங்களையும் படித்தேன். அந்தக் கண்டனங்களில் பெரும்பாலானவை நியாயமானவை. மீன் கூடையுடன் சாலையைக் கடக்கும் பெண்களும், பால் வண்டிகளும், நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்களும் புழங்கும் பொதுச் சாலையில் காரின் வேகத்தைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தக் கடிதங்களில் ஒன்றுகூட, கார்களை நேசித்து, மாதக்கணக்கில் உழைத்து, அவற்றைத் தம் விருப்பப்படி உருவாக்குகிறவர்கள் அந்த உழைப்பை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று கேட்கவில்லை. அத்தகையவர்கள் கூடும் கார் சங்கம் ஒன்றில் நெடுங்கால உறுப்பினன் என்ற முறையில் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையின் பந்தயத் தடத்திலும், கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயங்கள் நடைபெறும் நாள்களில், நண்பகல் இடைவேளையைக் கார் சங்கங்களின் அணிவகுப்புச் சுற்றுக்கு ஒதுக்கித் தர வேண்டும்.

அணிவகுப்புச் சுற்று, அதாவது பரேடு லேப், பந்தயம் அன்று. வேகத்தைக் கட்டுக்குள் வைக்கத் தடத்தின் நிர்வாகம் அனுப்பும் பேஸ் கார் முன்னால் செல்லும். சங்கத்தின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, குறிப்பிட்ட இடைவெளி விட்டு, அதைப் பின்தொடரும். முந்துவதற்கு அனுமதி கிடையாது. முகப்பு விளக்கு எரிய வேண்டும், எல்லோரும் சீட் பெல்ட் அணிந்திருக்க வேண்டும், யாராவது வரிசையை விட்டு விலகினால் தடத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷல் கொடி காட்டி அவரைத் தடத்தின் ஓரமாக உள்ள பிட் பாதைக்கு அனுப்பிவிடுவார். அமெரிக்காவில் பெரிய பந்தயங்கள் நடக்கும் வார இறுதிகளில், 1955-இல் தொடங்கப்பட்ட போர்ஷே சங்கம் போன்றவற்றின் உறுப்பினர்கள் தங்கள் கார்களைத் தடத்தின் உள்ளேயே தனியாக ஒதுக்கிய திடலில் நிறுத்தி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதும், இடைவேளையில் பேஸ் காரின் பின்னால் சில சுற்றுகள் வருவதும் வழக்கமாகிவிட்ட ஒன்று. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் கட்டணம் செலுத்தும் எவரும் தம் காரையே 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் தடத்தில் ஓட்டலாம் என்பதைச் சிலர் சுட்டிக்காட்டக்கூடும். நான் அதைக் கேட்கவில்லை. அங்கே வேகத்துக்கும் விபத்துக்கும் இடமுண்டு. நம் சங்கங்களில் பெரும்பாலோர் அதற்கான பயிற்சி பெற்றவர்கள் அல்லர்.

இதற்கு எவ்வளவு நேரம் தேவைப்படும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தாலே தடத்தின் நிர்வாகிகளுக்குத் தயக்கம் நீங்கிவிடும் என்று நம்புகிறேன். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்றை முடிக்க நான்கு நிமிடத்துக்கும் குறைவான நேரமே பிடிக்கும். மூன்று சுற்றுகளுக்குப் பதினொரு நிமிடம். 24 கார்கள் 40 மீட்டர் இடைவெளியில் வந்தாலும் அந்த வரிசை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கார்கள் பிட் பாதையில் வரிசை கட்டி நிற்பதையும் திரும்பி வந்து கலைவதையும் சேர்த்தால் அரை மணி நேரம் போதும். மார்ஷல்கள், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் அன்றைய பந்தயத்துக்காக ஏற்கெனவே அங்கே இருப்பதால் தனிச் செலவு சொற்பம். சங்கங்கள் தடத்தை ஒரு நாள் முழுவதும் வாடகைக்கு எடுத்து ஓட்டுவதும் இங்கே உண்டு. ஆனால் அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர்கள் சிலரே. அதைப் பார்க்கப் பொதுமக்களும் இருப்பதில்லை.

சுற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் பேடாக்கில், அதாவது கார்களை நிறுத்தித் தயார்செய்யும் திடலில், நடக்க வேண்டிய கார் விளக்கம். சங்கக் கூட்டங்களில் உறுப்பினர்கள் தாம் உருவாக்கிய கார்களைக் கொண்டுவந்து நிறுத்தி, என்ன செய்தோம், எப்படிச் செய்தோம் என்று விளக்குவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பெருமை பேசும் கூட்டமாகத் தோன்றலாம். ஆனால் அப்படி ஒரு கூட்டத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவர் தம் பழைய மாருதி எஸ்டீமின் பானெட்டைத் திறந்து வைத்து, அதன் அருகிலேயே அட்டை கிழிந்த ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்திருந்தார். எந்தப் பாகம் எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, யார் மாற்றினார், என்ன விலை, எத்தனை கிலோமீட்டர் தாங்கியது என்பவை அனைத்தும் அதில் இருந்தன. முன் சக்கரங்களுக்குப் பெரிய பிரேக் டிஸ்க் போட்டதும் 13 அங்குல வீல் பிரேக் காலிப்பரில் உரசியதையும், 14 அங்குலத்துக்கு மாறிய பின் டயரின் சுற்றளவு கூடி ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டியதையும் அவர் மறைக்காமல் எழுதியிருந்தார். புதிதாகச் செய்து பொருத்திய எக்ஸாஸ்ட் ஹெடர், அதாவது எஞ்சினின் புகையை வெளியேற்றும் குழாய், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விரிசல் விட்டதாம். ஆர்கான் வெல்டிங் செய்தவரைத்தான் எல்லோரும் குறை கூறியிருக்கிறார்கள். கடைசியில், எஞ்சினைத் தாங்கும் மவுண்டின் ரப்பர் தளர்ந்திருந்ததால் கியர் மாற்றும்போதெல்லாம் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடி அந்தக் குழாயை இழுத்துக்கொண்டிருந்தது தெரியவந்திருக்கிறது. சில நூறு ரூபாய் ரப்பர் ஒன்றை மாற்றியதும் விரிசல் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தைப் படித்த இளைஞர்கள் இருவர் உடனே தங்கள் கார்களின் அடியில் குனிந்து மவுண்டை ஆட்டிப் பார்த்தார்கள்.

ஒரு காரில் 200 குதிரைத்திறன் இருப்பதாகச் சொல்வதற்கு யாராலும் முடியும். அந்தத் திறனை நிறுத்துவதற்கான பிரேக்கும், அதைத் தாங்கும் கூலிங்கும், அதற்கேற்ற டயரும் இருக்கின்றனவா என்று கேட்கத் தெரிந்தவர்கள் கூடும் இடம் சங்கம் மட்டுமே. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதும், பழைய ஆயில் தொடர்ந்த பிரேக்கிங்கில் கொதித்துப் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும் என்பதும், கைப்பேசிக் காணொளி பார்த்து எஞ்சினின் கணினி அமைப்பை மாற்றி ரீமேப் செய்துகொள்ளும் இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. அதை அவர்களுக்குச் சொல்லித் தரும் ஒருவர் அவர்கள் அருகில் நிற்க வேண்டும். தனியாக, இரவில், சாலையில் கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் அன்று அது.

இந்தப் பண்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் நடந்த பந்தயங்களில், மகாராஜாக்களின் வெளிநாட்டுக் கார்களோடு, நம் பட்டறைகளில் பிரித்துக் கோத்த ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் ஓடின. அவற்றைப் பார்க்கச் சென்ற பெருங்கூட்டத்தில் மெக்கானிக்குகளும் லேத் தொழிலாளர்களும் இருந்தார்கள் என்று எங்கள் சங்கத்தின் மூத்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் இந்தப் பட்டறை அறிவின் உச்சம். சிபானி டால்ஃபின் என்ற எளிய ஃபைபர் காரை வெற்றி பெறும் காராக மாற்றியவர் அவர். மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, சாமானியச் செலவில் பந்தயத்துக்குள் நுழையும் வாசலைத் திறந்தவரும் அவரே. 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தது இந்தத் துறைக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் பழகியது ஃபார்முலா மாருதியில்தான். செட்டிப்பாளையம் தடம் தாங்கி நிற்பது கரிவர்தனின் பெயரைத்தான். இப்படிப்பட்ட மரபின் வாரிசுகளைச் சாலை ரௌடிகள் என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

சட்டத்தை நான் மறந்துவிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவதற்கு 189-ஆம் பிரிவு தனியே தண்டனை வைத்திருக்கிறது. இந்தச் சட்டங்கள் தளர்த்தப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எஞ்சினோ சேஸிஸோ மாற்றப்பட்ட கார் தடத்துக்கு டிரெய்லரிலோ ஃப்ளாட்பெட் லாரியிலோ வரட்டும். சாலையில் ஒரு மீட்டர்கூட ஓட வேண்டாம். தயாரிப்பாளர் அனுமதித்த அளவு டயர், தரமான பிரேக் பேடு, நல்ல டேம்பர் (ஷாக் அப்சார்பர்) என்று சட்டத்துக்கு உட்பட்டு மேம்படுத்தப்பட்ட கார் மட்டும் சாலை வழியே வரட்டும். காதைப் பிளக்கும் சைலென்சருடன் வரும் காரை நுழைவாயிலிலேயே திருப்பி அனுப்பட்டும். பந்தயக் கார்களுக்கு நடப்பது போன்ற ஸ்க்ரூட்டினி, அதாவது தொழில்நுட்பப் பரிசோதனை, இந்தக் கார்களுக்கும் நடக்க வேண்டும் என்பதே என் விருப்பம். வீல் நட்டின் இறுக்கம், ஆயில் கசிவு, பேட்டரி கட்டப்பட்டிருக்கும் விதம் ஆகியவற்றை அனுபவம் வாய்ந்த ஒருவர் பார்த்து, கையெழுத்திட்ட தாளைக் கொடுத்த பிறகே கார் தடத்தில் இறங்க வேண்டும்.

காப்பீட்டில்தான் உண்மையான முடிச்சு இருக்கிறது. நம் கார்களின் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயம், பேஸ் மேக்கிங் (மற்ற வண்டிகளுக்கு வேகம் வகுத்து முன்செல்வது), வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் (வண்டியின் தாங்குதிறன் சோதனை) ஆகியவற்றுக்குக் காப்பீடு செல்லாது என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். பேஸ் காரின் பின்னால் மெதுவாகச் செல்லும் வரிசை இவற்றில் எதில் சேரும் என்று முகவரைக் கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் தருகிறார். இந்தச் சந்தேகத்தாலேயே கவனமுள்ள குடும்பத்தலைவர்கள் தடத்துக்கு வரத் தயங்குகிறார்கள். எதைப் பற்றியும் கவலைப்படாதவர்களே துணிந்து வருகிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அணிவகுப்புச் சுற்றின் நிலையைத் தெளிவுபடுத்த வேண்டும். அல்லது நிறுவனங்கள் ஒரு நாளுக்கான தனிக் காப்பீட்டை நியாயமான விலையில் வழங்க வேண்டும்.

இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, அரசு ஏன் இதில் தலையிட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத் தடம் அமைத்து இரவுப் பந்தயம் நடத்தியபோது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அதில் முன்னின்றது. 2025 ஜனவரியில் நடிகர் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது மாநிலமே கொண்டாடியது. அந்த ஆர்வத்தோடு தடத்துக்கு வரும் ஒரு மாணவன், கம்பி வேலிக்கு அப்பால் நின்று நிறுவனங்களின் கார்கள் பறந்து மறைவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அவனுக்கு மிஞ்சுவது என்ன? தன் தெருவில் ஓடும் அதே வகைக் காரை ஒரு சாதாரண மனிதர் எப்படி மேம்படுத்தியிருக்கிறார் என்று அருகில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்க வேண்டும். வேகமே வேண்டும் என்பவனுக்கு அணிவகுப்பு நிறைவு தராது என்பது உண்மை. அவனுக்குப் பந்தயப் பயிற்சிப் பள்ளியும் உரிமமும் இருக்கின்றன. அந்த வழியைக் காட்டும் மேசை ஒன்றையும் அதே பேடாக்கில் போட்டுவிடலாம். நான் பார்த்தவரையில், இரவில் சாலைக்கு இறங்குபவர்களில் பலர் வேகத்தைவிடத் தங்கள் கார் நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்பதையே நாடுகிறார்கள்.

சென்னையையே தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் சங்கங்களின் கூட்டமைப்பும், தடங்களின் நிர்வாகிகளும், விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் அடுத்த பருவத்துக்கான பந்தய அட்டவணையை வகுக்கும்போது இந்த அரை மணி நேரத்தைச் சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுற்றில் செல்லும் ஒவ்வொரு காரின் பக்கத்து இருக்கையும் அந்தக் காரில் வேலை செய்த மெக்கானிக்குக்கோ, டிங்கருக்கோ, சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் பாகம் தேடித் தந்தவருக்கோ உரியதாக இருக்க வேண்டும். பேடாக்கில் காரின் முன்னால் வைக்கும் விவரப் பலகையில் உரிமையாளரின் பெயருக்கு மேலே, அந்த இருக்கையில் அமர்பவரின் பெயரையும் பட்டறையையும் எழுத வேண்டும் என்பதை விதியாகவே வைக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பூந்தமல்லி.