எதைத் தொடர்பு என்கிறோம்?

அன்புள்ள சேகருக்கு,

மகள் நரம்பியல் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பை அளக்க, மூளையின் இயக்கத்தை ஸ்கேனில் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ., தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின் சமிக்ஞையைப் பதியும் இ.இ.ஜி., மூளைக்குள் நீர் நகர்வதை ஸ்கேனில் அளக்கும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. ஆகியவற்றுள் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறாள். மூன்றும் தொடர்பு என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு பொருள்களைக் குறிக்கின்றன என்பதை அவள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1995இல் ஆய்வாளர் பரத் பிஸ்வால் குழுவினர் வெளியிட்ட சோதனையை அவளிடம் சொல். விரல்களைத் தட்டச் சொல்லிக் கையை அசைக்கும் பகுதிகளை மூளையின் இருபுறமும் அடையாளம் கண்ட அவர்கள், பிறகு அதே ஆட்களைச் சும்மா படுத்திருக்கச் சொன்னபோது, இடப்புறத்துச் சமிக்ஞை மெல்ல ஏறி இறங்க, வலப்புறமும் அதனோடு சேர்ந்தே ஏறி இறங்கியதைக் கண்டார்கள். எஃப்.எம்.ஆர்.ஐ. தொடர்பு என்று சொல்வது இந்த ஒத்திசைவைத்தான். அதுவும் நரம்பணுக்களின் வேலையைத் தொடர்ந்து, ஐந்தாறு விநாடிகள் பிந்தி உச்சத்தை எட்டும் இரத்த ஆக்சிஜன் மாற்றத்தின் வழியாகவே தெரிகிறது. இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் இல்லாமலே பிறந்தவர்கள் சிலரிடமும் இவ்வொத்திசைவு பெருமளவு காணப்பட்டிருக்கிறது. ஆகவே சேர்ந்து அசையும் இரு பகுதிகளுக்கு நடுவே நேரடிப் பாதை இருந்தே தீரும் என்று கொள்ள முடியாது.

பாதையைத் தேடுவது டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. நரம்பிழையின் நெடுக்கே நீர் எளிதாகவும் குறுக்கே சிரமப்பட்டும் நகர்வதைக் கொண்டு அது வழியை ஊகிக்கிறது. இழைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடங்களில் இல்லாத பாதைகளையும் வரைந்துவிடும். செய்தி எந்தத் திசையில் போகிறது என்பதையும் சொல்லாது.

இ.இ.ஜி. மில்லிவிநாடிக் கணக்கில் பேசும். ஆனால் ஒரே மூலத்தின் மின்னோட்டம் மண்டையோட்டில் பரவிப் பல மின்முனைகளில் ஒரே கணத்தில் பதிவாவதால், பொய்யான தொடர்பு எளிதில் தோன்றும். அப்படிப் பரவுவதில் காலப் பிந்தல் இராது என்பதால், இரு சமிக்ஞைகளின் தொடர்பில் பிந்தல் உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியை 2004இல் ஆய்வாளர் கீடோ நோல்ட்டே குழுவினர் முன்வைத்தார்கள். உண்மையாகவே ஒரே கணத்தில் நிகழும் தொடர்பு அதில் விடுபட்டுப்போகும் என்றாலும் நான் அதையே பரிந்துரைப்பேன்.

எனக்குப் பெரிய கவலை தலையசைவுதான். ஸ்கேனருக்குள் தலையின் இருபுறமும் பஞ்சு வைத்து அடைத்த பிறகும் ஒரு சிறுவன் லேசாக இருமியதும் அசைவைக் காட்டும் வரைபடக் கோடு துள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவே எஃப்.எம்.ஆர்.ஐ.யில் தொலைவுத் தொடர்புகளைக் குறைத்தும் அருகிலுள்ளவற்றைக் கூட்டியும் காட்டும் என்று 2012இல் வந்த ஆய்வுகள் நிறுவின. பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகம் அசைவதால், மூளை வளர்ச்சி பற்றிய முந்தைய முடிவுகள் சிலவற்றை மீண்டும் சோதிக்க வேண்டியதாயிற்று. உன் மகள் ஆராயப்போவதும் குழந்தைகளைத்தான் அல்லவா? முதல் ஸ்கேனின் அசைவு வரைபடத்தை எனக்கு அனுப்பச் சொல். முடிவுகளுக்கு முன் அதைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

அன்புடன்,
ரகு