உணர்வை அளக்கும் வினாத்தாள்களையும் அளந்து பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தம் உணர்வு இன்னதென்று அடையாளம் காண இயலாத அலெக்ஸிதைமியா நிலையைக் கண்டறியும் வினாத்தாள்களைப் பற்றி எழுதுவோர், அவற்றின் ஏற்புடைமை, அதாவது அளக்க வேண்டியதையே அவை அளக்கின்றனவா என்பது, எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதையும் எழுத வேண்டும் என வேண்டுகிறேன். 1994-இல் வெளியாகிப் பரவலாகப் பயன்படும் டொரொன்டோ அளவுகோல் என்னும் வினாத்தாளில் 20 கூற்றுகள் உள்ளன. 61 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெறுபவருக்கு இந்நிலை இருப்பதாகக் கொள்வது வழக்கம்.

தன் உணர்வை அறிய முடியாதவரிடமே, அதை எவ்வளவு அறிகிறீர்கள் என்று கேட்பதுதான் இதிலுள்ள அடிப்படைச் சிக்கல். மருத்துவர்களுக்கும் புரியாத உடல் உணர்ச்சிகள் தமக்கு உண்டா என்று கேட்கும் கூற்றையே பாருங்கள். காரணம் பிடிபடாத உடல்நோயால் நெடுநாள் வருந்துபவர், தம் மனத்தைத் தெளிவாக அறிந்தவராக இருந்தாலும், அதற்கு ஆம் என்றே விடையளிப்பார். அவருடைய மதிப்பெண்ணும் கூடிவிடும். மனச்சோர்வும் பதற்றமும் மிகும்போது இம்மதிப்பெண் உயர்வது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டுள்ளது. ஆகவே, அளக்கப்படுவது உணர்வை அறியும் திறனா, அப்போதைய மனத்துயரா என்பதைப் பிரித்துக் காட்டாத சோதனை எதுவும் முழுமையாகாது. கூற்றுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்ற புள்ளியியல் சான்று மட்டும் இதற்குப் போதாது.

பயிற்சி பெற்றவர் நடத்தும் கட்டமைக்கப்பட்ட நேர்காணலோடும், நெருங்கிப் பழகியவர்களின் மதிப்பீட்டோடும் விடைகளை ஒப்பிட வேண்டும். 2018-இல் வந்த பெர்த் வினாத்தாள் இனிய உணர்வுகளையும் துன்ப உணர்வுகளையும் தனித்தனியே கேட்பது நல்ல முன்னேற்றம். ஆயினும் அதுவும் தன்மதிப்பீடே. நேர்காணல் இல்லாமல், ஒற்றை மதிப்பெண்ணை வைத்து எவர் மீதும் முத்திரை குத்துவதை ஏற்க முடியாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்