குஞ்சு காக்கும் விராலைத் தூண்டிலிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூண்டிலில் சிக்கும் ஆற்றுமீன்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்று வலியுறுத்தி அண்மையில் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும், எண்ணூரில் பிறந்து, கொசஸ்தலை ஆற்றில் என் தந்தை வீச்சுவலை வீசுவதைப் பார்த்து வளர்ந்து, இன்று வேறு வேலையில் இருந்தாலும் ஞாயிறுதோறும் தூண்டிலோடு அதே கரைக்குப் போகிறவன் என்ற முறையில், எந்த மீன், எந்தப் பருவம், எந்த நீர் என்று பாராமல் சொல்லப்படும் ஒற்றை விதி ஆற்றைக் காக்காது என்றே கருதுகிறேன்.

முதலில் விராலை எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆற்றின் வல்லூர் அணைக்கட்டுக்கு மேலே, நன்னீர்ப் பகுதியிலும் அதைச் சார்ந்த ஏரி வாய்க்கால்களிலும், மழை பிடித்ததும் விரால் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் சிவந்த திரளாக நீர்மட்டத்துக்கு வந்து வந்து போக, தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். தூண்டிலில் கோத்த போலி இரையான ரப்பர் தவளையை அந்தத் திரளின் நடுவே வீசினால் விரால் பாய்ந்து கவ்வும் என்பது தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அது பசியால் கவ்வுவதில்லை. குஞ்சைக் காக்கவே பாய்கிறது. அதைக் கரையேற்றி, அளந்து, படம் எடுத்து, பத்து நிமிடம் கழித்துப் பத்திரமாக விட்டாலும், அதற்குள் காவலற்ற திரளை மற்ற மீன்கள் வந்து தின்றுவிடக்கூடும். இங்கே எடுப்பதா விடுவதா என்ற கேள்வியே பிந்தியது. திரளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போவது ஒன்றே சரி. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒரு விராலைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கே, எப்படிப் பிடித்தாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அப்பா அன்று அந்தக் குழம்பைத் தொடவில்லை. அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அணைக்கட்டுக்குக் கீழே, உப்பு கலந்த நீரில், கொடுவாயின் கதை வேறு. இம்மீன் பெரும்பாலும் ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின்னரே பெண்ணாக மாறுகிறது. ஆகவே முகத்துவாரத்தில் ஒருவர் இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துப் பெருமையோடு படம் எடுத்துக்கொள்ளும் மிகப் பெரிய கொடுவாய், ஏறத்தாழ உறுதியாக, லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடிய தாய்மீன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதே மீனுக்கு 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் எடுக்கக்கூடாது, கிழக்குக் கரையில் 120 சென்டிமீட்டரைத் தாண்டியதையும் எடுக்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். சிறியதை விடு என்பது நமக்குப் புரிகிறது. பெரியதையும் விடு என்பதுதான் இன்னும் மனத்தில் ஏறவில்லை. வயிற்றடியில் சினை ஒட்டிய நண்டுக்கும் இதுவே பொருந்தும்.

மாறாக, திரும்ப விடவே கூடாத மீன்களும் உண்டு. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபியும், வளர்க்கத் தடை விதிக்கப்பட்ட பிறகும் நீர்நிலைகளில் பெருகி நிற்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும், வண்ணமீன் தொட்டிகளிலிருந்து வெளியேறிய சக்கர் மீனும் தூண்டிலில் வந்தால், அவற்றை மீண்டும் நீரில் விடுவது நம் மண்ணின் மீன்களுக்குச் செய்யும் கேடு. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஆசையாக வாங்கிய மீன் தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்துவிட்டால், புண்ணியம் என்று நினைத்து ஏரியில் விட்டுவிட்டு வருபவர்களை நான் அறிவேன். வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

விடுவதென்று முடிவு செய்தால் அதற்கும் பக்குவம் வேண்டும். உலர்ந்த கையால் பிடித்தால் மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்புப் படலம் உரிந்துபோகும். செவுளுக்குள் விரலை விட்டால் அது பிழைப்பது அரிது. தூண்டில் முள்ளை விழுங்கிய மீனிடமிருந்து அதைப் பிடுங்காமல், முள் கட்டிய தூண்டில் நரம்பை அறுத்துவிட வேண்டும். நீர் சுட்டு உயிர்வளி குறைந்திருக்கும் மே மாத நண்பகலில் நெடுநேரம் போராட வைத்து விட்ட மீன், நம் கண்ணுக்கு நீந்திப் போவதுபோல் தோன்றினாலும் பிறகு செத்து மிதக்கலாம்.

இந்த நெறிகளைப் பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் என்னைப் போன்றவர்களுக்கே சொல்கிறேன். கழுத்தளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களிடமும், அன்றாடம் வலையை நம்பி இருப்பவர்களிடமும் போய் மீனை விடச் சொல்ல நமக்கு உரிமையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்கள் செத்தபோது, இழப்பு அவர்களைத்தான் முதலில் தாக்கியது. ஆலைக்கழிவு இருக்கும்போது தூண்டில்காரனிடம் கணக்குக் கேட்பதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இவ்வளவு அடிபட்ட ஆற்றில் எஞ்சியிருக்கும் தாய்மீன்களை விளையாட்டுக்காகவும் நாம் இழக்கலாமா என்பதே என் பதில்.

1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன்பிடிப்பதைத் தடை செய்வதோடு, வலைக்கண்ணின் அளவை வரையறுக்கவும், குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டாண்டுகளுக்கு மிகாமல் மீன்பிடிப்பை நிறுத்திவைக்கவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தை அறியாதவர் வடசென்னையில் இல்லை. ஆனால் அது கடலுக்குரியது. ஆற்றுக்கென மீன்வளத்துறை, ஊர்ப் பெரியவர்களையும் இருளர் குடும்பங்களையும் கலந்து பேசி, எந்த மீனை எந்த அளவில், எந்த மாதங்களில் தொடக்கூடாது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, எண்ணூர்ப் பாலத்தடியிலும் வல்லூர் அணைக்கட்டிலும் பலகை வைக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதன் முதல் வரியில் குஞ்சு காக்கும் விரால் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எண்ணூர், சென்னை.