கறிக்கடைக் கட்டைக்கு உப்பு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறைச்சிக் கடைகளில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் திடீர்ச் சோதனை நடத்தும்போதெல்லாம், எத்தனை கிலோ கெட்டுப்போன இறைச்சி பறிமுதல் செய்யப்பட்டது, அது எப்படி அழிக்கப்பட்டது என்பதைத் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா இதழ்களும் தவறாமல் வெளியிடுகின்றன. அந்த இறைச்சியை வெட்டிய கட்டை எந்த நிலையில் இருந்தது என்று ஒரு செய்தியிலும் நான் படித்ததில்லை. நாறுகிற கறியை வாங்குபவரே மோந்து பார்த்து ஒதுக்கிவிடலாம். கட்டையில் இருப்பது பெரும்பாலும் கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாது.

ஈரமும் கொழுப்பும் புரதமும் படிந்த பரப்பில் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டதும், சர்க்கரைச் சேர்மங்கள், புரதம், டி.என்.ஏ. ஆகியவை கலந்த ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழத் தொடங்குகின்றன. நுண்ணுயிரியலில் இதை உயிர்ப்படலம் என்கிறோம். பல்லில் படியும் வழவழப்பான மாவும் இவ்வகைப் படலம்தான். வாய் கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும். பிளீச்சிங் பவுடர் கரைசலைக் கட்டையின்மேல் அப்படியே ஊற்றினால், குளோரினின் பெரும்பகுதி அங்குள்ள ரத்தத்தோடும் கொழுப்போடும் வினைபுரிந்தே தீர்ந்துவிடுகிறது. எஞ்சியதும் படலத்தின் மேலடுக்கோடு நின்றுவிட, அடியில் பிழைத்தவை மறுநாள் கறிக்குத் தாவுகின்றன.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு உரிமம், பதிவு விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, வெட்டும் கட்டையைத் தினமும் போதிய உப்பால் மூடிச் சுத்திகரிக்க வேண்டும் என்கிறது. உப்பு ஈரத்தை உறிஞ்சும், பல கிருமிகளை அடக்கும் என்பது உண்மைதான். ஆனால் லிஸ்டீரியா என்னும் நோய்க்கிருமி 10 சதவீத உப்பிலும் வளரக்கூடியது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் இன்னொரு பாக்டீரியா அதைவிடக் கூடுதலான உப்பையும் தாங்கும். தேய்த்துக் கழுவாத கட்டையில் உப்பைக் கொட்டினால், பலவீனமான கிருமிகள் சாக, இவற்றுக்குப் போட்டி குறைகிறது. நெடுநாள் பழக்கத்தை விதியாக எழுதிவைத்தவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

மரக்கட்டையை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையிலும், ஏன், துருப்பிடிக்காத எஃகிலும்கூட இந்தப் படலம் உருவாகும். 2008-இல் கனடாவின் டொரண்டோ நகரிலிருந்த நவீன ஆலையொன்றில் தயாரான பதப்படுத்திய இறைச்சியைத் தின்று 20-க்கும் மேற்பட்டோர் லிஸ்டீரியாவால் இறந்தார்கள். அங்கே அன்றாடச் சுத்திகரிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. இறைச்சியைச் சீவும் இயந்திரங்களின் உட்பகுதியில், அந்தச் சுத்திகரிப்பு எட்டாத இடங்களில் கிருமி தங்கியிருக்கக்கூடும் என்று பின்னர் தெரியவந்தது. தென்னாப்பிரிக்காவில் 2017, 2018 ஆண்டுகளில் பொலோனி என்னும் இறைச்சிப் பண்டத்தால் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோதும், நோயாளிகளிடம் கண்ட அதே ரகக் கிருமி, அதைத் தயாரித்த பொலக்வானே நகர ஆலையின் உட்புறச் சூழலில் இருந்தது.

'நாம் கறியை நன்றாக வேகவைத்துத்தானே சாப்பிடுகிறோம்' என்று கடைக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கொதிக்கும் குழம்பில் கிருமி சாகும். ஆனால் கறியோடு வீட்டுக்கு வந்த கிருமி, அதே அரிவாள்மணையில் அடுத்து நறுக்கும் வெங்காயத்துக்கும் வெள்ளரிக்கும் போய்விட்டால் வேகவைப்பது உதவாது. ஸ்டஃபைலோகாக்கஸ் உணவில் பெருகி நஞ்சைச் சுரந்துவிட்டால், அந்த நஞ்சு கொதிநிலைக்கும் அழியாது. மேலும், சூடுபடுத்தாமலே தின்னும் சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி வகைகள் இப்போது நம் ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டன. குளிர்பெட்டிக்குள்ளும் மெல்ல வளரும் லிஸ்டீரியா, கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கக்கூடியது.

எனவே, உப்புப் போடுவதற்கு முன், கட்டையைச் சுரண்டி, சோப்புக் கரைசலும் நார்த் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவி, அதன்பிறகே குளோரின் கரைசலை ஊற்றிச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, நல்ல நீரில் அலசி உலர்த்த வேண்டும் என்ற வரிசையை விதியிலேயே சேர்க்க ஆணையம் முன்வர வேண்டும். வெடிப்பு விட்ட கட்டையை இழைக்கவோ மாற்றவோ கால வரம்பு வேண்டும். சோதனைக்குச் செல்லும் அலுவலர்கள் கறியின் மாதிரியோடு கட்டை, கத்தி, கொக்கி ஆகியவற்றைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்த மாதிரிகளையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் முறை முடிவைக் கடைக்காரரிடம் கொடுத்து, கழுவும் முறையைச் செய்துகாட்டினால் போதும். அபராதத்தை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்,
நாமக்கல்.