தொடக்க வாரப் பிட்சர் பட்டியல் தரவரிசை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பேஸ்பால் சீசன் தொடங்குவதை ஒட்டி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். தமிழ் நாளிதழில் இந்த ஆட்டத்துக்கு அரைப் பத்தி கிடைப்பதே அபூர்வம். அதற்கு நன்றி. ஆனால் மேஜர் லீக் என்ற உச்ச நிலைக்குக் கீழே வீரர்களை வளர்க்கும் மைனர் லீக் அணிகளைப் பற்றிச் சொன்ன இடத்தில், முதல் நாள் ஆட்டத்துக்குத் தங்களிடம் உள்ள தலைசிறந்த பிட்சரையே, அதாவது பந்து வீசுபவரையே, நிறுத்துவார்கள் என்றும், அங்கே ஆடுபவர்கள் மேஜர் லீகில் இடம் கிடைக்காதவர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் சரியல்ல. இரண்டாவதையாவது விட்டுவிடலாம், ஒரு பிட்சர் மேலே ஏறி வந்ததும் அது தானாகப் பொய்யாகிவிடும். முதலாவது எண்ணம் பிள்ளைகளின் கைக் காயத்தில் போய் முடிகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மதுரையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஈட்டி எறிகிற பிள்ளைகள், லீக் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுகிறவர்கள் என்று தோளையும் முழங்கையையும் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இப்போது மகள் குடும்பத்தோடு டெக்சாஸில் ஃபிரிஸ்கோ என்ற ஊரில் இருக்கிறேன். டல்லாஸுக்கு வடக்கே இருக்கும் இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஊருக்கென்று ரஃப்ரைடர்ஸ் என்ற பேஸ்பால் அணி 2003 முதல் இருக்கிறது. மேஜர் லீக் அணியான டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்குக் கீழே, மைனர் லீகில் மேலிருந்து இரண்டாவது படியான டபுள்-ஏ நிலையில் ஆடும் அணி. ஏப்ரல் பிறந்ததும் முதல் வாரம் யார் யார் பந்து வீசுவார்கள் என்று பெயர்களை அறிவிப்பார்கள். பேஸ்பால் ஆடும் பிள்ளைகளைப் பெற்ற நம்மவர்கள் அதை மார்க் ஷீட் படிப்பதுபோல் படிக்கிறார்கள். முதல் பெயர் முதல் ரேங்க், கடைசிப் பெயர் கடைசி ரேங்க். என் மருமகனும் அப்படித்தான் படித்தார்.

அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இந்த எண்ணம் வராது. 2021-இல் மைனர் லீகை மாற்றியமைத்தபோது 120 அணிகளாக்கினார்கள். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் நான்கு. வழக்கமான வாரத்தில் ஒரே எதிரணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. ஆறு பிட்சர்களைச் சுற்றில் வைத்தால் ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து வீசும் தொடக்கப் பொறுப்பு ஒருவருக்கு வாரம் ஒருமுறைதான் வரும். மேஜர் லீகில் வழக்கமாக ஐந்து பேர் சுற்று என்பதால் இடைவெளி அதைவிடக் குறைவு. கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் ஓவர் முடிந்து ஃபைன் லெக்கில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப வரலாம். இங்கே தொடக்கப் பிட்சர் தொடர்ந்து வீசுகிறார். ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் அன்றைக்கு மறுபடி உள்ளே வர முடியாது.

எந்த நாள் யார் என்பதை அணியின் மேனேஜர் தன் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. மேலே உள்ள அணியில் பிட்சர் வளர்ப்பைக் கவனிக்கிறவர்களின் கை அதில் இருக்கிறது. மார்ச் மாதம் அரிசோனாவில் சர்ப்ரைஸ் என்ற ஊரில் ரேஞ்சர்ஸின் பயிற்சி முகாம் நடக்கும். அங்கே கடைசியாக எந்த நாள் வீசினார், எத்தனை பந்து வரை கை பழகியிருக்கிறது, போன வருடம் மொத்தம் எத்தனை இன்னிங்ஸ் (எதிரணியின் மூன்று பேரை அவுட் ஆக்கும் ஒரு சுற்று, ஓர் ஆட்டத்தில் வழக்கமாக ஒன்பது) வீசினார், காயத்திலிருந்து திரும்பியவரா என்று பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள். ஓய்வு நாட்களின் கணக்கு வெள்ளிக்கிழமையில் வந்து முடிந்தால் அவர் வெள்ளிக்கிழமைப் பிட்சர். அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டாம்.

அவருடைய நாள் வந்தாலும் நீண்ட நேரம் வீச விட மாட்டார்கள். ஏப்ரலில் மூன்று இன்னிங்ஸ், நான்கு இன்னிங்ஸ், அவ்வளவுதான். தொடக்கப் பிட்சர் கணக்கில் வெற்றி எழுத வேண்டுமானால் அவர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும் என்பது விதி. ஒரு ரன்கூடக் கொடுக்காத இளைஞனை நான்காவது இன்னிங்ஸோடு கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள் என்றால், அந்த வெற்றியைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

பால் ஸ்கீன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2023 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானவர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி கையெழுத்துக்கு மட்டும் 92 லட்சம் டாலர் கொடுத்தது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் வீசுகிறவர். 2024 சீசனை அவர் எங்கே தொடங்கினார்? இண்டியானாபொலிஸில், மைனர் லீகின் மேல்படியான டிரிபிள்-ஏ அணியில். ஏழு ஆட்டங்களில் மொத்தம் வீசியது இருபத்தேழரை இன்னிங்ஸுக்கும் குறைவு. ஆட்டத்துக்குச் சராசரியாக நான்கு இன்னிங்ஸ்கூட இல்லை. அதில் 45 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார் (பந்தைச் சரியாக அடிக்க விடாமலே வெளியேற்றுவது), ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் விகிதம் 0.99. அப்படியிருந்தும் அவசரப்படவில்லை. மே 11 அன்றுதான் மேலே கூப்பிட்டார்கள். அந்த வருடமே சிறந்த புதுமுகம் விருது, 2025-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. மைனர் லீக் என்றால் இடம் கிடைக்காதவர்கள் என்ற வரி இவருக்கு எப்படிப் பொருந்தும்?

எங்கள் ஊர்க் கதையும் உண்டு. ஜாக் லைட்டர் 2021 டிராஃப்டில் இரண்டாவது ஆள். அவருடைய தொழில்முறை ஆட்டமே 2022 ஏப்ரலில் நேரடியாக ஃபிரிஸ்கோவில்தான் தொடங்கியது. அந்த சீசனில் அவர் கொடுத்த ரன் விகிதம் 5.54. பட்டியலை ரேங்காகப் படிக்கிறவர்கள் அன்றோடு அவரை மறந்திருப்பார்கள். 2025-இல் அவர் ரேஞ்சர்ஸின் பிட்சர் சுற்றில் நின்றார்.

இந்திய ரத்தம் உள்ள பிட்சர் என்றால் உங்கள் வாசகர்களுக்கு ஆர்வம் வரும், எனக்கும் வரும். குமார் ராக்கரின் தாய் இந்திய வம்சாவளி. தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். கல்லூரி நாட்களில், 2019-இல், ட்யூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு ஹிட்கூட (அடித்து ஓடி பேஸை எட்டுவது) கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியவர். 2021-இல் நியூயார்க் மெட்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடவில்லை. 2022-இல் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023 சீசனை வட கரோலினாவில், ரேஞ்சர்ஸின் இன்னொரு மைனர் லீக் அணியான ஹிக்கரியில் தொடங்கினார். ஆறே ஆட்டம், மே மாதம் முழங்கையில் அறுவை சிகிச்சை. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்பு. 2024 கோடையில் ஃபிரிஸ்கோவில் வீசினார். செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் மேஜர் லீகில் முதல்முறை இறங்கி நான்கு இன்னிங்ஸில் ஏழு பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். அதே கோடையில், ஆகஸ்டில், இரண்டு முறை சை யங் விருது பெற்ற ஜேக்கப் டிகிராமும் எங்கள் மைதானத்துக்கு வந்து சில இன்னிங்ஸ் வீசிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கும் அதே முழங்கை அறுவை சிகிச்சை, 2010-லும் 2023-லும் இரண்டு முறை.

அந்த அறுவை சிகிச்சையைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். முழங்கையின் உட்பக்கத்தில், மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிடித்து நிற்கும் ஒரு லிகமென்ட் இருக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாதது. தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய்ப் பந்தை எறியும் ஒவ்வொரு முறையும் இழுபடுவது அதுதான். அது கிழிந்தால், மணிக்கட்டிலிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் கட்டுகிறார்கள். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக டாமி ஜான் என்ற பிட்சருக்கு இதைச் செய்தார், அதனால் டாமி ஜான் பெயரிலேயே வழங்குகிறது. ஜான் 1976-இல் திரும்ப வந்து 1989 வரை ஆடினார். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அறுவை செய்துகொண்டால் கை முன்னைவிட வலுவாகும் என்று நம்புகிற பெற்றோர் இருக்கிறார்கள். ஆகாது. திரும்ப வர 12 முதல் 18 மாதம் பிடிக்கும், சிலர் திரும்புவதே இல்லை.

மேஜர் லீகே 2024 டிசம்பரில் பிட்சர் காயங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மேஜர், மைனர் இரண்டும் சேர்த்து 2010-இல் 104 ஆக இருந்த இந்த அறுவை சிகிச்சை 2024-இல் 281. பிட்சர்கள் வேகத்தின் பின்னால் ஓடுவதும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதும்தான் முக்கியக் காரணம் என்கிறது அறிக்கை. 2008-இல் நேர்வேகப் பந்தின் சராசரி மணிக்கு 91.3 மைல், 2024-இல் 94.2 மைல். இந்த ஓட்டம் பள்ளிப் பிள்ளைகள் வரை இறங்கிவிட்டது என்றும் அதிலேயே இருக்கிறது.

என் கவலை அந்தக் கடைசி இடத்தில்தான். கோடிக்கணக்கில் பணம் போட்ட அணி தன் பிட்சரை நான்கு இன்னிங்ஸோடு நிறுத்துகிறது. நம் வீட்டுப் பதினோரு வயதுப் பிள்ளையை, கோப்பை ஆட்டம் என்பதற்காகச் சனிக்கிழமையும் வீச வைத்து ஞாயிற்றுக்கிழமையும் வீச வைக்கிறார்கள். என் பேரனின் அணியில் இது நடந்தது. "அம்மாச்சி, நான் முதல் பிட்சர், நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்று கேட்டான். முழங்கையின் உட்பக்கத்தைத் தொட்டால் முகம் சுளிக்கிற பிள்ளை கேட்ட கேள்வி அது. மகளிடம் சொல்லி அந்த சீசன் முழுவதும் அவனைப் பந்து வீசாமல் நிறுத்தினேன். வீட்டில் மனவருத்தம் வந்தது, பரவாயில்லை.

மேஜர் லீகும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வகுத்த அளவு இருக்கிறது, பிட்ச் ஸ்மார்ட் என்று பெயர். 11, 12 வயதில் ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் கூடாது. அதை 13, 14 வயதில் 95 ஆக்குகிறார்கள். அந்த வயதுகளில் 21 முதல் 35 பந்து வரை வீசினால் ஒரு நாள் ஓய்வு, 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 66-ஐத் தொட்டால் நான்கு நாள். வருடத்தில் குறைந்தது நான்கு மாதம் எறிவதையே நிறுத்த வேண்டும். ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும், விக்கெட் கீப்பர் போலப் பந்தைப் பிடிக்கும் கேட்சராகவும் நிற்கக் கூடாது. குளிர்காலத்திலும் தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டும் பெற்றோர் அந்த நான்கு மாத வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் நாளிதழைக் கைபேசியில் படிக்கும் குடும்பங்கள் டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் நிறைய இருக்கின்றன. அடுத்த முறை ஒரு மைனர் லீக் அணியின் தொடக்க வாரப் பிட்சர்களைப் பற்றி எழுதும்போது, பெயர்களோடு அவர்கள் எத்தனை இன்னிங்ஸ், எத்தனை பந்து வீசினார்கள், அதற்கு முன் எத்தனை நாள் ஓய்வில் இருந்தார்கள் என்பதையும் போடுங்கள். அதன் பக்கத்திலேயே பிள்ளைகளுக்கான இந்த அளவுகளைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள். வயதுவாரியாக முழு அட்டவணையையும் தமிழில் எழுதி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து வந்த ஒரு வாசகி,
ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்