அலையாத்திக் காட்டுக்கு எங்களை அழைத்துச் சென்றவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கும், விடுதிக் குழுவினருக்கும் வணக்கம்.

அண்மையில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு எங்களை அழைத்துச் சென்றதற்கு முதலில் நன்றி. டெல்டாவிலேயே பிறந்து வளர்ந்தும் ஆறு கடலைச் சேரும் இடத்தைப் பார்த்திராத பலர் எங்களுள் உண்டு. அவர்கள் அனைவருக்கும் அது மறக்க முடியாத நாள். நன்றி மட்டுமே சொல்ல வேண்டியிருந்தால் நேரில் சொல்லியிருப்பேன். அந்தப் பயணத்தில் எங்கள் கைகளில் தரப்பட்டவை குறித்தும், விடுதியில் நாங்கள் அன்றாடம் வாங்கித் தூக்கி எறிய வேண்டியிருப்பவை குறித்தும் நேரில் பேசிப் பயன் கிட்டாததால் இந்த மடலை எழுதுகிறேன்.

அன்று காலை பேருந்தில் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பை தரப்பட்டது. பார்வைக்குத் துணிப்பை போல இருந்தாலும் அது பாலிப்ரொப்பிலீன் என்னும் நெகிழியால் ஆன, நெய்யாத பை. அதற்குள் நெகிழித்தாளில் கட்டிய புளிச்சோறும், பிஸ்கட் பொட்டலமும், சிறு சிறு தண்ணீர் பாட்டில்களும், உட்புறம் நெகிழி பூசிய காகிதக் குவளையும் இருந்தன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் அந்தப் பையும், உணவு கட்டும் நெகிழித்தாளும், நெகிழி பூசிய குவளையும் அடங்கும் என்பதைச் சுற்றுச்சூழல் பாடத்தில் எங்களுக்குக் கற்பித்தவர்கள் இதே மன்றத்தின் ஆசிரியர்கள்தாம்.

ஜாம்புவானோடையிலிருந்து படகில் சென்றபோது, சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களை வனத்துறைப் பணியாளர் காட்டினார். உப்புச் சேற்றுக்குள் காற்று புகாததால் அலையாத்தி மரம் அந்த வேர்களின் வழியாகவே சுவாசிக்கிறது என்றும், அவற்றின்மேல் நெகிழி படிந்தால் மரம் திணறும் என்றும் அவர் விளக்கினார். வெட்டி அழிக்கப்பட்டு உப்பேறிக் கிடந்த பகுதிகளில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல்நீர் வந்து போக வழிசெய்து, வனத்துறையும் ஊர் மக்களும் கன்று நட்டு வளர்த்த காடு அது. 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப் போட்ட மரங்களுக்குப் பிறகும் எஞ்சி நிற்கும் காடு. அவர் பேசி முடித்ததும் கல்லூரியின் பெயர் பொறித்த ஃபிளெக்ஸ் பதாகையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் படம் எடுத்துக்கொண்டோம்.

அங்கே குப்பை எதையும் போடவில்லை, அனைத்தையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம் என்று நீங்கள் கூறலாம். உண்மைதான். கொண்டுவந்த குப்பை எங்கே போனது என்பதுதான் என் கேள்வி. விடுதிக்குப் பின்புறம், வாய்க்கால் கரையில் வழக்கமாகக் கொட்டும் இடத்தில் அது கொட்டப்பட்டது. அந்த வாய்க்கால் வடிகாலாகிக் கோரையாற்றில் விழுகிறது. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பு என்னும் மதகுகளில் பிரியும் கோரையாறும் பாமணியாறும் போய்ச் சேருமிடம் முத்துப்பேட்டைக் காயல். படகில் ஏறாமலே எங்கள் குப்பை மீண்டும் அந்த மூச்சுவேர்களைத் தேடிச் செல்கிறது.

இவற்றுள் எனக்கு மிகவும் வருத்தம் தருவது தண்ணீர் பாட்டில்தான். பெண்கள் விடுதியின் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் பழுதாகிப் பல மாதங்கள் ஆகின்றன. ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்க்கிறது. அதைக் குடிக்க முடியாது. வகுப்பு முடிந்து திரும்புபவர்களும், காய்ச்சலில் படுத்திருப்பவர்களும், இரவில் தேர்வுக்குப் படிப்பவர்களும் சிற்றுண்டிச் சாலையில் 20 ரூபாய் கொடுத்துப் பாட்டில்தான் வாங்க வேண்டும். சிற்றுண்டிச் சாலையை மூடிய பிறகு தாகம் எடுத்தால் யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா என்று அறை அறையாகக் கேட்டுப் போக வேண்டும். என் அம்மா நடவு வேலைக்குச் செல்பவர். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்தால்தான் எங்கள் வீட்டுக்குக் கூலி வரும். அந்தக் கூலியிலிருந்து, காவிரிக் கரை மாவட்டத்தில் படிக்கும் மகள் குடிதண்ணீர் வாங்குவதற்கென்று அவர் பணம் அனுப்புகிறார். இதை வீட்டில் சொல்லவே கூசுகிறது. விடுதியின் பின்புறம் குவியும் பாட்டில்களைக் காட்டி, மாணவிகளுக்குப் பொறுப்புணர்வு இல்லை என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறீர்கள். வேறு வழி தராமல் வாங்கச் செய்துவிட்டு, வாங்கியவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது.

இயந்திரத்தின் வடிகட்டியை மாற்ற நிதி இல்லை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அதே மாதத்தில் பயணத்துக்கான பனியன்களுக்கும், பதாகைக்கும், லேமினேட் செய்த சான்றிதழ்களுக்கும் நிதி இருந்தது. எனவே மீண்டும் கேட்கிறேன்: விடுதிக்குக் குடிநீரும், சிற்றுண்டிச் சாலைக்குக் கழுவிப் பயன்படுத்தும் டம்ளர்களும் வேண்டும். இவ்விரண்டையும் செய்துவிட்டு எந்தக் காட்டுக்கு அழைத்தாலும் மகிழ்ச்சியோடு வருகிறோம்.

இது நம் கல்லூரியோடு நிற்கும் குறை அன்று. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்குமாறு 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்படி பாடம் வந்தது, தேர்வும் வந்தது. நெகிழியின் தீமைகளை எழுதி மதிப்பெண் பெறும் கட்டடத்துக்கு வெளியே வாய்க்காலின் நிலை மட்டும் மாறவில்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பாகத் தூர் வாருகிறார்கள். இயந்திரம் சேற்றோடு அள்ளிக் கரையில் போடும் நெகிழி அடுத்த மழையில் மறுபடியும் உள்ளே இறங்குகிறது. மதகில் அடைத்துக்கொள்ளும் அந்தக் குப்பையைக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கையால் இழுத்துப் போடுபவர் கடைமடை விவசாயி. இயற்கை என்றால் படகேறிப் போய்ப் பார்க்கும் தொலைவில் இருப்பது என்று எங்களுக்குப் பழக்கப்படுத்தியதில் பள்ளிக்கும், கல்லூரிக்கும், அரசுக்கும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இயற்கையைத் தேடிப் போவது புதிதன்று. ஆடிப்பெருக்கு அன்று தூக்குகளிலும் சம்படங்களிலும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், இலையில் பகிர்ந்து உண்டு திரும்புவது இந்த மண்ணின் வழக்கம். எங்கள் ஆத்தா அப்படிப் போனதைச் சொல்லும்போது கரையில் விட்டுவந்தது வாழையிலையையும் பூக்களையும் தவிர வேறில்லை. ஆகவே நான் கேட்பது பழகாத ஒன்றன்று.

மார்கழியில் கொடியக்கரைக்கு அழைத்துச் செல்லத் திட்டம் உள்ளதாக அறிகிறேன். வெளிமான்களுக்காக 1967-இல் சரணாலயமாகி, 2002-இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. வலசை வரும் பூநாரைகளைக் காண எனக்கும் பேராவல் உண்டு. அந்தப் பயணத்துக்கு அவரவர் வீட்டிலிருந்து தண்ணீர்ப் புட்டியும் தட்டும் கொண்டுவருகிறோம். விடுதிச் சமையலறையிலிருந்து சோற்றை அண்டாவில் எடுத்துச் செல்ல அனுமதியுங்கள். பரிமாறும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். பனியனும் பதாகையும் வேண்டாம். அந்தத் தொகையை வடிகட்டிக்கு ஒதுக்குங்கள். புறப்படுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, நம் வாய்க்காலின் கரையோரமாகக் கோரையாறு வரை எங்களை நடத்திச் செல்லுங்கள். அதற்குப் பேருந்துச் செலவும் இல்லை.

கடுமையாக ஏதேனும் எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். எனினும் கோரிக்கையை விட்டுக்கொடுக்க இயலாது. கொடியக்கரைப் பயணத் தேதியை அறிவிக்கும் சுற்றறிக்கையிலேயே, விடுதியின் குடிநீர் இயந்திரம் எந்தத் தேதிக்குள் சரிசெய்யப்படும் என்பதையும் குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி,
இரண்டாம் ஆண்டு, பெண்கள் விடுதி